சான்றிதழ் தராத பயிற்சி: சக ஆசிரியர்களோடு வேலை செய்ததில் கற்றவை

பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த பி.எட். வேண்டும். 2015-க்குப் பிறகு அது இரண்டு ஆண்டுப் படிப்பு. கல்லூரியில் நடத்துவதற்கு முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் போதும். இல்லையென்றால் முனைவர் பட்டம். வகுப்பில் எப்படி நிற்பது, எப்படிக் கேள்வி கேட்பது, எழுபது பேரில் யாருக்குப் புரியவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் யாரும் கேட்பதும் இல்லை, சொல்லித் தருவதும் இல்லை. 2022-இல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வு மாணவர்கள் கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. நான் பார்த்தவரை அது பெரும்பாலும், வழிகாட்டி ஊரில் இல்லாத நாளில் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சுருங்கிவிடுகிறது.

நான் தென் மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். அதோடு சில ஆண்டுகளாக, சக ஆசிரியர்களுக்குக் கற்பித்தலில் துணை நிற்கும் ஒரு சிறிய குழுவையும் கவனித்து வருகிறேன். பல துறைகளிலிருந்து வந்த ஐந்தாறு பேர், நூலகத்தை ஒட்டி ஓர் அறை, ஒரு ஃபிளாஸ்க், அவ்வளவுதான் எங்கள் வசதி. இந்த வேலையில் எது உண்மையிலேயே உதவியது, எது சடங்காகப் போனது என்பதை, இதே வேலையை வேறு கல்லூரிகளில் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆசிரியர் மேம்பாடு என்றதும் நம் கல்லூரிகளில் நினைவுக்கு வருவது எஃப்.டி.பி. என்கிற கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை எல்லாம் முடிந்து சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். மாணவர் மையக் கற்பித்தல் என்ற தலைப்பில் சாப்பாட்டு மணி வரை அவர் ஒருவரே பேசுவார். பின்வரிசையில் பாதிப் பேர் மடியில் வைத்து இன்டர்னல் தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பில் சேர்க்க இடக்குறியோடு புகைப்படம் வேண்டுமே, அதை எடுக்கும்போது மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மாலையில் சான்றிதழ். மறுநாள் முதல் மணியில் அவரவர் வகுப்பு அவரவர் பழைய வழியிலேயே நடக்கும்.

பல்கலைக்கழகங்களில் நடக்கும் நீண்ட பயிற்சிகளை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். 1987-இல் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று தொடங்கி, 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, இப்போது மாளவியா மிஷன் என்ற பெயரில் இருக்கும் அந்த மையங்களில் நானும் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எனக்குக் கிடைத்த நல்லவற்றில் பெரும்பகுதி சொற்பொழிவுகளில் கிடைத்ததல்ல. இரவில் விடுதி வராந்தாவில், வேறு ஊர்க் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் நடந்ததைப் பேசும்போது கிடைத்தது. அந்த வராந்தாப் பேச்சைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவர முடியுமா என்பதுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட வேலை.

அதற்கு நாங்கள் பிடித்த வழி எளியது. ஓர் ஆசிரியர் கேட்டுக்கொண்டால் எங்களில் ஒருவர் அவருடைய வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவோம். பார்த்ததை எழுதி அவரிடமே கொடுத்துவிடுவோம். நகல் வைத்துக்கொள்ள மாட்டோம். துறைத் தலைவரிடமோ முதல்வரிடமோ ஒரு சொல்லும் போகாது. ஆண்டு மதிப்பீட்டுக்கும் இதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. "அப்படியென்றால் எனக்கு என்னதான் தெரியும்?" என்று கேட்டார் முதல்வர். "எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும் சார். யார் வந்தார்கள் என்று தெரியாது" என்றேன். அரை மனதோடுதான் சம்மதித்தார். உள் தர உறுதிப் பிரிவுக்காரர்கள் ஆவணம் கேட்டு நச்சரித்தபோதும் எண்ணிக்கையை மட்டுமே கொடுத்தோம். யோசித்துப் பாருங்கள், தன் வகுப்பில் ஓட்டை எங்கே என்று காட்டச் சொல்லி ஒருவர் நம்மைக் கூப்பிடுகிறார். அந்த ஓட்டை நாளைக்குப் பதவி உயர்வுக் கோப்பில் ஏறும் என்ற சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் அவர் கூப்பிடப்போவதில்லை. கூப்பிட்டாலும், ஒத்திகை பார்த்த வகுப்பைத்தான் காட்டுவார்.

முதலில் வந்தவர்கள், நாங்கள் எதிர்பார்த்த 'சிரமப்படும்' ஆசிரியர்கள் அல்ல. ஏற்கெனவே நன்றாக நடத்துகிறவர்கள். எந்தக் கல்லூரியிலும் அப்படித்தான் இருக்கும், அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. நல்ல பெயருள்ள ஒருவர் ஆசிரியர் அறையில் "நேற்று என் வகுப்புக்கு இவரைக் கூப்பிட்டிருந்தேன்" என்று சாதாரணமாகச் சொன்ன பிறகுதான், எங்களைக் கூப்பிடுவது குறையுள்ளவர்களுக்கான வைத்தியம் இல்லை என்ற எண்ணம் பரவியது.

ஒரு வகுப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொருளியல் துறை, புதிதாகச் சேர்ந்த இளைஞர், முதலாமாண்டு வகுப்பு. பாடம் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்பது. நல்ல குரல், நல்ல தயாரிப்பு, உதாரணங்களும் நம் ஊர் உதாரணங்கள். உப்பு விலை இரண்டு மடங்கானால் வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைப்பார்களா, பஸ் கட்டணம் ஏறினால் ஷேர் ஆட்டோவுக்கு மாறுவார்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். நான் நோட்டில் இடப்பக்கம் நேரத்தையும் வலப்பக்கம் நடந்ததையும் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். கேள்வி, உடனே அவரே பதில். கேள்வி, முன்வரிசைப் பெண் பதில். "புரிகிறதா?", "புரிகிறது சார்" என்று கோரஸ். மறுபடி கேள்வி, மறுபடி அவரே பதில். என் பக்கத்தில் இருந்த மாணவர் நோட்டில் தேதியையும் தலைப்பையும் அழகாக எழுதி அடிக்கோடிட்டிருந்தார். மணி அடிக்கும்போதும் அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான் இருந்தது.

மாலையில் தேநீரோடு உட்கார்ந்தோம். "இன்றைக்குக் கேள்விகள் கேட்டீர்களா?" என்றேன். "நிறையக் கேட்டேன் மேடம். அதுதான் என் வழியே" என்றார். உண்மைதான். நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பதில் சொன்னவர் யார் என்று இருந்தது. விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார். அவரே பாதிக்கு மேல். மீதி எல்லாம் முன்வரிசையில் இரண்டே பேர். நான் எதுவும் சொல்லவில்லை. "நான் எனக்கே பாடம் நடத்தியிருக்கிறேன்" என்றார் அவர்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் பள்ளி வகுப்புகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்ததை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேலே நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். கூடவே ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் தன் வகுப்பில் கொண்டுவந்த முறையையும் சொன்னேன். கேள்வியைக் கேட்டுவிட்டு முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் பக்கத்தில் இருப்பவரிடம் அந்த விடை ஏன் சரி என்று வாதாட வேண்டும். கடைசியில் மறுபடி விடை சொல்ல வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஏ, பி, சி, டி என்று நான்கு விரல்கள் போதும். நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக் காட்டினால் பக்கத்துப் பையனுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அவரே அறைக்கு வந்தார். காத்திருப்பது பெரும்பாடாக இருக்கிறது, அந்த நேரத்தில் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்றார். அதற்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, டஸ்டரை எடுத்து மறுபாதியை மூலை மூலையாகத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறாராம். துடைத்து முடிப்பதற்குள் நாலு பேராவது எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் குழுவில் இன்றைக்கும் புதியவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் உத்தி அந்த டஸ்டர்தான்.

வகுப்பைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்பு எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். "பாடம் ஆர்வமூட்டவில்லை" என்று எழுதினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேச ஆரம்பிப்பார். பேச்சு அதோடு முடிந்தது. "10.20 முதல் 10.34 வரை யாரும் எதையும் எழுதவில்லை" என்று எழுதினால், அந்தப் பதினான்கு நிமிடத்தில் என்ன நடந்தது என்று அவரே யோசிப்பார். யோசனை கேட்டால் ஒன்றுக்கு மேல் சொல்ல வேண்டாம். எட்டு யோசனைகளோடு திரும்புகிறவர் எட்டையும் விட்டுவிடுவார்.

மாணவர்களின் கருத்தைக் கேட்பதிலும் இதே கதைதான். பருவ முடிவில் ஒரு கூகுள் படிவம் வரும். வகுப்புப் பிரதிநிதி ஃபோனிலிருந்து பத்து பேருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டு முடித்துவிடுவார்கள், இல்லையென்றால் கோபத்தில் ஒன்று. எதுவாக இருந்தாலும் அந்த மாணவர்களுக்குப் பயனில்லை, பருவம்தான் முடிந்துவிட்டதே. நாங்கள் ஆறாவது வாரத்தில் கேட்கிறோம். ஆசிரியர் இருபது நிமிடம் முன்னதாக வகுப்பை விட்டுப் போய்விடுவார். எங்களில் ஒருவர் உள்ளே போய், ஐந்தைந்து பேராகப் பிரித்து, மூன்று கேள்விகள் கொடுப்போம். இந்த வகுப்பில் நீங்கள் கற்க எது உதவுகிறது? எது தடையாக இருக்கிறது? எதை மாற்றலாம்? குழுவாகப் பேசித் தமிழிலேயே எழுதலாம். பிறகு ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறார்கள் என்று கை தூக்கச் சொல்வோம். பாதிக்கு மேல் கை தூக்கியவை மட்டும் ஆசிரியரிடம் போகும். ஒருவரின் தனிப்பட்ட எரிச்சல் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும். இது 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. நாங்கள் சேர்த்தது தமிழும் கை தூக்குவதும்தான்.

என்ன வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். பலகையின் கீழ்ப்பகுதியில் எழுதுவது நாலாவது வரிசைக்குப் பின்னால் தெரியவில்லை. ஸ்லைடை எழுதி முடிப்பதற்குள் மாற்றிவிடுகிறார். விளக்கும்போது தமிழில் சொல்வது புரிகிறது, நோட்ஸ் சொல்லும்போது எதற்கு எது என்று தெரியவில்லை. இன்டர்னல் தாளைத் திருப்பித் தருவதே இல்லை, மதிப்பெண் மட்டும்தான் தெரிகிறது. இருபதாண்டு அனுபவமுள்ள ஒருவர், பலகையின் கீழ்ப்பாதி தெரியாது என்பதை எங்கள் தாளில்தான் முதன்முதலாகப் படித்தார். மாணவர்கள் ஏன் சொல்லவில்லை என்று ஆதங்கப்பட்டார். இருபது ஆண்டுகளாக அவர் கேட்டது "புரிகிறதா?" மட்டும்தான்.

இதில் முக்கியமான பகுதி அடுத்த வகுப்பில் இருக்கிறது. ஆசிரியர் போய், "நீங்கள் சொன்னதில் இதை மாற்றப் போகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது" என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கருத்துக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மாற்றத்தை மாணவர்கள் எப்போதும் வரவேற்பார்கள் என்று நினைக்க வேண்டாம். வேதியியல் ஆசிரியை ஒருவர், பாடத்தை முழுதாக விளக்குவதைக் குறைத்து, குழுவாகக் கணக்குப் போட வைத்தார். பத்தே நாளில் துறைத் தலைவரிடம் புகார் போயிற்று: "மேடம் பாடமே நடத்துவதில்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்." அவர் நொந்துபோய் வந்தார். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வை அவருக்குக் காட்டினேன். தாங்களே செய்து பார்த்த வகுப்பில் மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் சரளமான சொற்பொழிவைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். மூளை சிரமப்படுவதைப் புரியாததாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த பருவத்தில் அவர் முதல் வாரமே இதை மாணவர்களிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு குழுப்பயிற்சிக்குப் பிறகும் ஐந்து நிமிடம் தொகுத்துச் சொல்லவும் தொடங்கினார். முணுமுணுப்பு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், துறைத் தலைவர் அறை வரை போவது நின்றது.

எங்கள் கூட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது விடைத்தாள் கூட்டம். சிறப்பு விருந்தினர் கிடையாது. வருகிறவர் தான் கொடுத்த கடைசி இன்டர்னல் வினாத்தாளையும், பெயரை மறைத்த ஒரு விடைத்தாளையும் கொண்டுவர வேண்டும். முதல் மதிப்பெண் தாள் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம். நடுவில் உள்ள ஒன்று.

ஒரு நாள் புள்ளியியல் தாள் வந்தது. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழுவைக் கண்டுபிடிக்கும் கணக்கு. அட்டவணை சரி, சூத்திரம் சரி, பிரதியிட்டதும் சரி. கடைசி வகுத்தலில் தசமப் புள்ளி ஓரிடம் தவறி, விடை 3.7 என்று வந்திருக்கிறது. மாணவர் அதைக் கட்டம் கட்டி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். படிகளுக்கு மதிப்பெண் போட்டதில் பத்துக்கு எட்டு கிடைத்திருந்தது. ஒட்டுறவுக் கெழு 1-ஐத் தாண்டவே முடியாது. -1-க்குக் கீழேயும் போகாது. அதே மாணவர் முந்தைய பக்கத்தில், இரண்டு மதிப்பெண் வினாவில், இந்த எல்லையைத் தெளிவாக எழுதியிருந்தார்! மேசையைச் சுற்றியிருந்த தமிழ்த்துறைக்காரருக்கும் வரலாற்றுத் துறைக்காரருக்கும்கூட அது புரிந்துவிட்டது. தெரிந்த ஒன்றைக் கையில் இருக்கும் எண்ணோடு உரசிப் பார்க்க வேண்டும் என்று அந்த மாணவரிடம் எந்த வினாத்தாளும் கேட்டதே இல்லை. அன்றைக்கே எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கேள்வியை எழுதினோம்: "கீழே ஒரு மாணவர் செய்த கணக்கு இருக்கிறது. விடை 3.7. கணக்கைத் திரும்பச் செய்யாமலே இது தவறு என்று எப்படிச் சொல்வீர்கள்? எந்தப் படியில் பிழை நேர்ந்திருக்கும்?" வினாத்தாளின் ஓரத்தில் கே1 (நினைவுகூர்தல்), கே4 (பகுத்தாய்தல்) என்று புளூமின் அறிவுநிலைக் குறியீடு போடச் சொல்கிறார்களே, "பட்டியலிடுக" என்ற கேள்விக்குக்கூட கே4 போட்டு அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் கேள்வி உண்மையிலேயே அந்தக் குறியீட்டுக்குத் தகுதியானது.

செயற்கை நுண்ணறிவில் எழுதி வாங்கிய அசைன்மென்ட்களைப் பற்றியும் இதே கூட்டத்தில்தான் பேசுகிறோம். வீட்டில் எழுதியதற்கு மதிப்பெண்ணைக் குறைத்து, அதைப் பற்றி வகுப்பில் மூன்று நிமிடம் பேசுவதற்கு மதிப்பெண்ணைக் கூட்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பியவர்கள் இன்னும் மாணவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மொழி பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. எங்கள் முதலாமாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரிப் பாடநூல் ஆங்கிலம், வினாத்தாள் ஆங்கிலம். வகுப்பில் தமிழ் பேசினால் ஆசிரியருக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துவிடுவார்களோ என்று இளம் ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கியது. அப்படியிருக்க, கலை அறிவியல் கல்லூரியில் ஒரு கருத்தைத் தமிழில் விளக்க ஏன் கூச்சம்? நாங்கள் சொல்வது இதுதான்: கருத்து முதலில் தமிழில், முழுதாக. பிறகு அதே கருத்து ஆங்கிலத்தில், தேர்வில் எழுத வேண்டிய வாக்கியங்களாக. பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அன்றைய கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதி, மணி அடிக்கும் வரை அழிக்காமல் விடுவது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும்போதுதான் மாணவரின் நோட்டில் எதுவும் ஏறுவதில்லை.

மாணவருக்குத் துணை நிற்பது என்றதும் எல்லோரும் ஆலோசனை, ஊக்கப் பேச்சு என்று போகிறார்கள். பல நேரம் பிரச்சினை நாட்காட்டியில் இருக்கும். எங்கள் பையன்களில் கணிசமானவர்கள் கல்யாண வீடுகளில் கேட்டரிங் பரிமாறப் போகிறவர்கள். நாளுக்குச் சில நூறு ரூபாயும் சாப்பாடும் கிடைக்கும். அதில்தான் தேர்வுக் கட்டணமும் பைக் பெட்ரோலும். வருகைப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு வணிகவியல் ஆசிரியர் ஒருவர் பார்த்திருக்கிறார். சேர்ந்தாற்போல் ஆள் குறைந்த நாட்களெல்லாம் ஆவணியிலும் தையிலும் வந்த முகூர்த்த நாட்கள். இப்போது அந்தத் துறையில் தேர்வுத் தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள். சிரித்தவர்களும் உண்டு. ஆனால் 75 விழுக்காடு வருகைக்குக் கீழே போய், அந்தக் குறைவுக்காகக் கண்டொனேஷன் கட்டணம் கட்டுகிறவர்கள் அங்கே குறைந்திருக்கிறார்கள். அதேபோல, முதல் மணிக்குத் தாமதமாக வரும் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தும் முன், அவள் ஊருக்கு எத்தனை மணிக்கு டவுன் பஸ் என்று கேட்டுவிடுங்கள். கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது; பஸ் நேரத்துக்கு வர வேண்டுமே. அந்தத் துறையில் பத்து நிமிடச் சிறுதேர்வை முதல் மணியிலிருந்து இரண்டாவது மணிக்கு மாற்றினார்கள். செலவு எதுவும் இல்லை.

மென்டார் முறை காகிதத்தில் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. இருபது பேருக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கொரு படிவம், தந்தை தொழில் கூலி, கையெழுத்து. அதற்கு மேல் போகாததற்கு ஆசிரியரின் அலட்சியம் மட்டும் காரணம் இல்லை, பயமும் உண்டு. ஒரு மாணவி எதிரே உட்கார்ந்து அழத் தொடங்கினால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. மனநல ஆலோசகராக மாற வேண்டாம் என்றுதான் நாங்கள் முதலில் சொல்கிறோம். கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், "எங்கள் காலத்தில்" என்று தொடங்காதீர்கள், யாரிடம் அனுப்புவது என்று தெரிந்து வைத்திருங்கள். இதற்காக ஒரே பக்கத்தில் ஒரு தாள் அச்சிட்டு எல்லா ஆசிரியர் மேசையிலும் ஒட்டியிருக்கிறோம். உதவித்தொகைப் பிரிவு எழுத்தரின் அறை எண், ஆலோசகர் வரும் நாள், விடுதிக் காப்பாளர் எண், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416. தன்னைத் தானே மாய்த்துக்கொள்வதாக ஒரு மாணவர் பேசினால் அவரைத் தனியே அனுப்பக் கூடாது, கூடவே நடந்து போக வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.

பணம் சார்ந்த சிக்கல்கள் இன்னும் எளிதில் தீரும். மாணவிகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் தோழிக்கு வருகிறது, தனக்கு வரவில்லை என்று ஒரு மாணவி மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். அவளுடைய வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படவில்லை, அவ்வளவுதான். மென்டார் ஒரு மதியம் வங்கிக்குக் கூட்டிப்போனதில் வேலை முடிந்தது. 2024-இல் அதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்த பிறகு பையன்களுக்கும் இதே சிக்கலைப் பார்க்கிறோம். அதனால் சேர்க்கை வாரத்திலேயே அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களின் வங்கிப் புத்தகத்தை மென்டார்கள் வாங்கிப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் ஆசிரியருக்கு நேரம் இருந்தால்தான் நடக்கும். யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு. அதோடு நாக் கோப்பு, தேர்வுப் பணி, என்.எஸ்.எஸ். முகாம், கோடையில் பல சுயநிதிப் பிரிவுகளில் (அரசு உதவியின்றி நடப்பவை) ஊர் ஊராகப் போய் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிப்பது. அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் பதினொரு மாதம்தான் ஊதியம். மே மாதக் கடனை எப்படி அடைப்பது என்ற கவலையில் இருப்பவரிடம் போய் மூன்று நொடி காத்திருங்கள் என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் குறைத்து, அந்த நேரத்தில் மூத்தவர் ஒருவரின் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டோம்; உதவி பெறும் பிரிவில் கிடைத்தது. அதில் ஒரு நிபந்தனை, அந்த மூத்தவர் வேறு துறையாக இருக்க வேண்டும். சொந்தத் துறை என்றால் பாடத்தைக் கவனிப்பார்கள், கற்பித்தலைக் கவனிக்க மாட்டார்கள்.

சுயநிதிப் பிரிவில்தான் வேலை பாதியில் நிற்கிறது. இரண்டாம் ஷிஃப்ட் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கி மாலை வரை போகும். எங்கள் கூட்டங்கள் நாலு மணிக்கு. அவர்களால் வர முடியாது. பன்னிரண்டரைக்கு மாற்றினோம், வரத் தொடங்கினார்கள், டிஃபன் பாக்ஸோடு. அந்த ஒரு மணி நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தப் பருவத்துக்கான அட்டவணையைப் பன்னிரண்டரை என்றே போட்டு, இரண்டு ஷிஃப்ட்டுக்கும் அனுப்பிவிட்டோம்.